கூடாரத்தின் காற்று ஜன்னல்கள்

தருவைகுளம்,
28 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எமில்டா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் மடத்தில் குளிர் அதிகம் என்று அம்மா சொல்வாள்.

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறவள் எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். உலகத்துப் பிரச்சினைகளைத் தொழில்முனைவோர் எப்படித் தீர்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு. மூன்று நாள் பயிற்சி என்று தூத்துக்குடிக்குக் கூப்பிட்டு, ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் கரண்ட் இல்லாத நாட்டில் விளக்கு செய்து விற்றவர் இருக்கிறார், குப்பையில் பை தைத்த பெண் இருக்கிறாள். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

இன்று கிளைட்டன் எழுந்து நின்று, "டீச்சர், எல்லாம் வெளிநாட்டுக்காரவியளாத்தான் இருக்காவ. நம்ம ஊர்ல ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: "எங்க அக்கா இருந்தா."

அப்புறம் விடுவார்களா? கருவாட்டை மணலில் காயப்போடாமல் பாலித்தீன் கூடாரத்தில் காய வைத்தாய், ஈ மொய்க்காமல் இருக்க மருந்து அடிக்கவில்லை, மலிந்த மீனைக் கடலில் கொட்ட விடவில்லை, பதினொரு பெண்களோடு தொழில் நடத்தினாய் என்று சொன்னேன். "இப்ப எங்க இருக்காவ?" என்றார்கள். மடத்தில் என்றேன். வெளியே வராத மடம், போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. உன்னிடம் கேள்வி கேட்க வேண்டுமாம்.

கேட்கலாமா, அக்கா? பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. உன்னோடு பழையபடி பேச வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எமில்டா


மடம்,
19 ஜூலை 2024

என் தங்கச்சி எமில்டாவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். நான் சுகம். சளி வரும், போகும். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு.

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மடத்துத் தலைவி மதர் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள். ஐந்து வருஷத்தைப் பற்றி நீயாகச் சொன்னால் கேட்பேன், நானாகக் கேட்க மாட்டேன்.

இங்கே சில சட்டம் உண்டு. மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். வருகிற கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் எழுதவும் கூடாது, வந்ததைப் படிக்கவும் கூடாது. அப்போது வருவதெல்லாம் மதரின் மேஜையில் கிடந்து, திருநாள் அன்று கைக்கு வரும். இதைப் பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லிவிடு, பதில் வரவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது.

தாராளமாகக் கேட்கட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை கொடு. யாருக்காக எதைச் செய்யப் போகிறார்களோ, அவர்களில் பத்துப் பேரிடம் போய் முதலில் கேட்கச் சொல். நான் கேட்காமல் செய்த முதல் கூடாரத்தின் வாசல் மூன்றடி. தலையில் பெட்டியோடு எந்தப் பெண்ணும் நுழைய முடியவில்லை. மிக்கேலம்மா அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏளா, இது கோழிக்கா கட்டியிருக்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் நான் தொழில் படிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு இங்கே பூசைக்கு அப்பம் சுடுகிற வேலை. ஈரம் கொஞ்சம் கூடினாலும் அப்பம் வளைந்துவிடும். ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் தலையெழுத்து போலிருக்கிறது.

உன் ஆசை எனக்கும் உண்டு, எமில்டா.

விக்டோரியா


தருவைகுளம்,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். டாக்டர் அம்மாவை எடை குறைக்கச் சொன்னார், அம்மா டாக்டரை மாற்றச் சொல்கிறாள். உன் சளி விட்டதா?

மாதா திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தோம். தூத்துக்குடியில் கால் வைக்க இடமில்லை.

கோழிக் கதை வகுப்பில் பெரிய வெற்றி. ஆறு குழுவாகப் பிரிந்துவிட்டார்கள். கிளைட்டன் குழு கடலில் அறுந்து கிடக்கிற வலையை அள்ளப் போகிறது. சந்தனச்செல்வி என்று ஒரு பிள்ளை, அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். அவள் குழு உப்பளத்துப் பெண்களுக்குச் சக்கரம் வைத்த நிழல் கொட்டகை செய்யப் போகிறது. படம் வரைந்து, கலர் அடித்து, பேர் எல்லாம் வைத்துவிட்டார்கள். உன் பேச்சைக் கேட்டு முதலில் பத்துப் பேரிடம் போய்க் கேட்டார்கள். பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்குக் கொட்டகை நிற்குமா? "நிழலு கெடக்கட்டும் பிள்ள, ஒதுங்க ஒரு எடம் உண்டா இங்கன? அதுக்குப் பயந்துதான் தண்ணியே குடிக்காம வேலை செய்யுதோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தனச்செல்வி என்னிடம் வந்து, "எங்கம்மாவும் அதான் சொல்லுதா டீச்சர். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல" என்றாள். கொட்டகைப் படத்தை அவளே கிழித்துப் போட்டாள்.

பிள்ளைகளின் கேள்விகளைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்வி சந்தனச்செல்வியுடையது: "நல்லா நடந்த கூடாரத்தை ஏன் மூடினீங்க?" வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு.

எமில்டா


மடம்,
14 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல சுகத்தோடு எழுதுகிறேன். அம்மாவின் டாக்டர் பக்கம்தான் நான்.

கேள்விகளுக்கெல்லாம் பின்பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். வலைக் குழுவுக்கு மட்டும் இங்கே ஒரு வார்த்தை: அள்ளுகிற வலை ஈரத்தில் கல் மாதிரி கனக்கும், சின்னப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதே, கரைக்கு வந்ததை மட்டும் எடுக்கட்டும். சந்தனச்செல்வியிடம் சொல், ஒரு நல்ல படத்தைக் கிழித்துப் போட எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, அவளுக்கு ஒரு வாரம்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா இறந்ததாகத் தந்தி மாதிரி வந்த அந்த மூன்று வரிச் சேதியை மதர் படித்துச் சொன்னார்கள். அடக்கத்துக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்துதான் நான் இங்கே வந்தேன். தெரிந்திருந்தது வேறு, அன்றைக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டு நின்றது வேறு. நீ தனியாக எல்லாம் செய்தாய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

விக்டோரியா


தருவைகுளம்,
25 நவம்பர் 2024

அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

இரண்டு மாதம் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். அப்பாவுக்கு நீ வராதது கோபம்தான். குழி மூடும் வரை கல்லறை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இத்தனை வருஷம் எழுதவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீ கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. சந்தனச்செல்வி கவனித்துவிட்டாள். இப்போது புத்தகத்தில் தோல்விப் பாடம் வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு தொடங்கி மூடிப்போன ஒரு தொழிலை எடுத்து, ஏன் மூடியது என்று கண்டுபிடித்துச் சார்ட்டில் எழுத வேண்டும். அவள் குழு உன் கூடாரத்தை எடுத்துக்கொண்டது. நான் வேறு எதையாவது எடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மார்ச் கடைசியில் பெற்றோருக்கு முன்னால் சார்ட் மாட்டுவார்கள். மிக்கேலம்மா அத்தையும் கூடாரத்தில் வேலை செய்த மற்றப் பெண்களும் வந்து பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அதனால் பதில் கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான் என்று தெரியும். நீ என்ன சொல்கிறாயோ அதைத்தான் அவர்கள் எழுதுவார்கள். அந்தச் சார்ட்டுக்குப் பக்கத்தில் டீச்சர் என்று நான் நிற்க வேண்டும், அக்கா.

எமில்டா


மடம்,
6 ஜனவரி 2025

அன்புள்ள எமில்டா,

மூன்று ராஜாக்கள் திருநாள் வாழ்த்து. அம்மாவுக்கும் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகளுக்குப் பதில்: சென்னைக்கு அனுப்பிய முதல் பெரிய ஆர்டரில் சீலாக் கருவாடு கெட்டுப் போயிருந்தது. அதை வாங்கிச் சாப்பிட்ட ஒரு வீட்டில் குழந்தைகளுக்கு வாந்தி. கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். சேதி பரவி, அப்புறம் ஒரு கடையும் எங்கள் சரக்கைத் தொடவில்லை. மூன்று மாதத்தில் மூடினேன். பதினொரு பெண்களும் பழையபடி மணலுக்கும் இறால் உரிக்கவும் போனார்கள். காரணம் என் கவனக்குறைவு. இப்படியே எழுதச் சொல். நீ அந்தச் சார்ட்டுக்குப் பக்கத்தில் தைரியமாக நில்.

விக்டோரியா


தருவைகுளம்,
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. ஆனாலும் நீ சுகமாக இரு.

நாளை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இன்று போட்டால் இந்தக் கடிதம் நாளைக்குள் சேராது, ஈஸ்டர் வரை மதரின் மேஜையில் கிடக்கும். அது தெரிந்துதான் இன்றைக்குப் போடுகிறேன். நீ படிப்பதற்கு நாற்பது நாள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் எனக்கு எழுதவே கை வருகிறது. இவ்வளவுதான் உன் தங்கச்சியின் வீரம்.

சந்தனச்செல்வி சார்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'மூடிய காரணம்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று இருந்தது. மிக்கேலம்மா அத்தையிடமும் பேட்டி எடுத்திருக்கிறாள். அத்தை சொன்னது அப்படியே இருக்கிறது: "விக்டோரியா அவசரக்காரி. பேர் வாங்கணும்னு பறந்தா. எங்க பொழப்பு போச்சு."

2016, மாதா திருவிழாவுக்கு முந்தின நாள். நீ தூத்துக்குடிக்கு அட்டைப்பெட்டி வாங்கப் போயிருந்தாய். கூடாரம் என் பொறுப்பு. மேகம் மூடிக்கொண்டு நாலு தூறல் விழுந்தது. மழை என்றால் கருவாட்டை இறுக்கி மூடு என்பதுதானே நாம் நடக்கப் பழகியதில் இருந்து கற்றது? ஈரம் வெளியே போகிற காற்று ஜன்னலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மூடாதே என்று நீ நூறு தடவை சொல்லியிருந்தாய். என் கை கேட்கவில்லை. எட்டு ஜன்னலையும் மூடி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுச் சப்பரம் பார்க்கப் போய்விட்டேன்.

அது ஒரு பிசகு. அதோடு நின்றிருந்தால் இதை நான் என்றைக்கோ சொல்லியிருப்பேன். மறுநாள் மத்தியானம் வந்து திறந்தபோது உள்ளே இட்லிச் சட்டி மாதிரி ஆவி. கீறி விரித்த சீலாவின் உள்பக்கம் எல்லாம் வழுவழுவென்று பூத்திருந்தது. நான் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகு மேலே தெரிகிற மாதிரி போட்டேன். நீ வந்ததும் "காஞ்சாச்சா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன்.

சரக்கு திரும்பி வந்ததும் கூடிய ஊர்க் கூட்டத்தில் நீ எழுந்து தப்பு என்னுடையது என்று சொன்னபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். அப்புறம் நீ மடத்துக்குப் போனாய். என்னால்தான் போனாய் என்று நினைத்தேன். அப்பாவின் அடக்கத்துக்கு நீ வராதது எனக்கு வசதியாகப் போயிற்று. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மதர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

எமில்டா


தருவைகுளம்,
30 மார்ச் 2025

அக்கா,

நீ இதையும் இப்போது படிக்க மாட்டாய். மேஜையில் முந்தின கடிதத்துக்குத் துணையாகக் கிடக்கட்டும். அம்மா சுகம். எனக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, இன்று இறங்கியது.

உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்க வழியில்லை. சார்ட் மாட்டுகிற நாள் முந்தாநாள் வெள்ளிக்கிழமை. உன் பதில் வர ஏப்ரல் ஆகும். அதனால் போன வாரமே வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஜன்னல், துணி, முதுகுப்பக்கம், எல்லாம். கடைசியில் கிளைட்டன் கையைத் தூக்கி, "டீச்சர், அப்ப எங்க சார்ட்டுக்கு மார்க் குறையுமா?" என்று கேட்டான். அது சந்தனச்செல்வி குழுவின் சார்ட், அவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

சாயங்காலம் மிக்கேலம்மா அத்தை வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளே வந்தாள். வாசலில் நின்றபடியே, "ஏளா, எட்டு வருசமா உங்க அக்காளைத் திட்டியிருக்கேன். சண்டை வரும்போதெல்லாம் அவ பேரைச் சொல்லித்தான் காறித் துப்புவேன். அதையெல்லாம் இப்ப எங்க போயித் திருப்பி வாங்க?" என்றாள். என்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மற்றப் பெண்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது நியாயம்தான்.

சார்ட்டில் 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு என் பேரை நானே எழுதினேன். அதன் பக்கத்தில் நின்றேன். நீ நிற்கச் சொன்னாய் அல்லவா?

எமில்டா


மடம்,
22 ஏப்ரல் 2025

என் எமில்டாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் மதர் உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் இப்போது சொல்லப் போவதை நீ உட்கார்ந்து படி. எனக்கு அன்றைக்கே தெரியும். கூடாரத்துச் சாவி உன்னிடம் மட்டும்தான் இருந்தது. ஜன்னல் கயிற்றில் உன் முடிச்சு. சீலா முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நீ "ஆச்சு" என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்காக நான் உன் பழியைச் சுமந்தேன் என்று நினைக்காதே. ஊரும் நினைக்க வேண்டாம். சுமந்தது என் பழி. வேன் வாசலில் நின்றது. நான் ஒரு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தேன். வாடை இருந்தது. உப்பு வாடைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடியும் ஒட்டி, வேனில் ஏற்றிவிட்டேன். முதல் ஆர்டர், எமில்டா. தவறினால் சிரிப்பார்கள். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், வேனை நிறுத்த வேண்டி வந்திருக்கும். நீ சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை. அத்தை சொன்னது சரி, நான் அவசரக்காரிதான். பேருக்குப் பறந்தேன்தான். அவள் திட்டியதில் பாதியை வைத்துக்கொள்ளச் சொல், திருப்பி வாங்க வேண்டாம்.

குழந்தைகள் வாந்தி எடுத்த அந்த வீட்டுக்காக இன்றைக்கும் தினம் ஜெபிக்கிறேன். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது.

இதையும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டு. பாதிப் பாடம் படித்தால் பரீட்சை எழுத முடியாது.

விக்டோரியா


தருவைகுளம்,
9 மே 2025

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பள்ளிக்கூடம் லீவு. ஆனாலும் செய்தி அனுப்பினேன், பத்தொன்பது பேர் வந்தார்கள். மிக்கேலம்மா அத்தையும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உன் கடிதத்தை வாசித்தேன். 'உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை' என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். சந்தனச்செல்வி எழுந்து வந்து மீதியை வாசித்தாள்.

அப்புறம் யாரும் சொல்லாமல் அவளே சார்ட்டை எடுத்து விரித்தாள். என் பேருக்குப் பக்கத்தில் உன் பேரையும் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பேரையும் அடித்துவிட்டாள். மூடிய காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'தெரிந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.' பேசியிருந்தால் எவ்வளவு நட்டம் வந்திருக்கும் என்று அவள் குழுவில் இருக்கிற ஜாக்சன் என்ற பையன் கேட்டான். அத்தை பின்னாலிருந்து பதில் சொன்னாள்: "பத்துத் தட்டு சீலா. ஒரு நாள் சரக்கு. அம்புட்டுத்தான்."

உப்பளத்துக் கழிப்பறை விஷயமாகச் சந்தனச்செல்வி குழு உப்பள முதலாளி ஒருவரைப் பார்த்துப் பேசியிருக்கிறது. யோசிக்கிறேன் என்றாராம். வாரா வாரம் போய்க் கேட்பார்களாம்.

மே 24, சனிக்கிழமை உன்னைப் பார்க்க மதர் அனுமதி கொடுத்து எழுதியிருக்கிறார்கள், அரை மணி நேரம். அம்மாவால் பயணம் முடியாது. நானும் அத்தையும் வருகிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டாள். உன்னிடம் என்ன பேசப் போகிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நான் என்ன பேசப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கூடாரம் மூடியதால்தான் நீ மடத்துக்குப் போனாய் என்று நானாகவே முடிவு கட்டி எட்டு வருஷம் இருந்துவிட்டேன். ஒரு தடவைகூட உன்னிடம் கேட்டதில்லை. மடத்துப் பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ வந்து உட்கார்ந்ததும் இதைத்தான் முதலில் கேட்பேன், என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.

அக்கா, நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா?

எமில்டா